முக்பில் பாடிய இரண்டு வரி

என் வீட்டுக்காரருக்கு ரகசியம் பேச வராது. வாலிபம் முழுக்கப் பீரங்கிக்குப் பக்கத்திலேயே நின்றதில் வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது காது கத்தினால் கேட்கும், கெஞ்சினால் கேட்காது. தன் குரல் எவ்வளவு உரக்கப் போகிறது என்பதும் அவருக்குத் தெரியாது. அதனால் "உன்கிட்ட மட்டும் சொல்றேன்" என்று அவர் ஆரம்பிக்கிற சேதி தெருக்கோடி மாட்டுக்கொட்டில் வரை போய்ச் சேர்ந்துவிடும். இப்படிப்பட்ட மனிதரைப் பிடித்துத்தான் அரசியலில் உட்கார வைத்தார்கள்.

அதற்குக் காரணம் இருந்தது. அப்போது சண்டை ஏழாவது வருஷத்தில் நடந்துகொண்டிருந்தது. எங்கள் மலைகளில் பாதி முன்பு நாட்டை ஆண்ட இமாமுக்கு, பாதி அவரைக் கவிழ்த்த குடியரசுக்கு. காலையில் இமாமிடம் துப்பாக்கி வாங்கிக்கொண்டு, சாயங்காலம் குடியரசிடம் தோட்டா வாங்கிக்கொள்கிற ஷேக்குகள் நிறையப் பேர் இருந்தார்கள். பிழைப்பு என்று யாரும் அதைக் குறை சொல்வதில்லை. தலைநகர் ஸனாவில் புதிதாக ஒரு சபை அமைத்து, எங்கள் அல்-ஜர்பா ஊருக்கும் ஒரு இடம் தருகிறோம், ஆளைச் சொல்லுங்கள் என்றார்கள். ஊர் ஆண்கள் கூடி, கன்னம் புடைக்கக் காத் இலையை மென்றுகொண்டு யோசித்து, கடைசியில் என் வீட்டுக்காரர் முக்பிலின் பெயரைச் சொன்னார்கள். அவனால் எதையும் மறைக்க முடியாது, அவனை அனுப்பினால் நமக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு தப்பவில்லை என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன்.

முக்பில் கொத்தனார் மகன். மீசை முளைக்கும் வயதில் இமாமின் ஆட்கள் வந்து படைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். கல்லைப் பார்த்தே எடை சொல்கிறான், தூரத்தைப் பார்த்தே அளவு சொல்கிறான் என்று பீரங்கிப் பக்கம் தள்ளிவிட்டார்கள். புரட்சி வந்த வாரத்திலேயே குடியரசுப் பக்கம் போய்விட்டார். ஏன் போனீர்கள் என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். நான் ஏதோ சுதந்திரம், சமத்துவம் என்று சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். "அங்க செருப்பு குடுத்தாங்க" என்றார். அன்றைக்கே எனக்கு இந்த மனிதரைப் பிடித்துவிட்டது.

என் பெயர் குஸூன். நான் பனூ மிஸ்ஃபர் குலத்துப் பெண். எங்கள் ஊர் பைத் மிஸ்ஃபர், அல்-ஜர்பாவிலிருந்து அரை நாள் நடை, பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம். சண்டை வந்ததும் என் பிறந்த ஊர் இமாமோடு நின்றது, வாழ்க்கைப்பட்ட ஊர் குடியரசோடு நின்றது. இரண்டுக்கும் நடுவில் ஸனா போகிற சாலை. அதை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் என் அண்ணன் ஹிஸாம். அந்தச் சாலையைக் குறிவைத்து ராஸ் குன்றின் உச்சியில் ஒரு பீரங்கி நின்றது. அதைத் துண்டு துண்டாகக் கழற்றி ஒட்டகங்களில் ஏற்றி, மேலே கொண்டுபோய்ப் பூட்டி நிறுத்தியவர் என் வீட்டுக்காரர்.

பெண்பிள்ளை போனால் எங்கள் பக்கம் யாரும் சுடமாட்டார்கள். சண்டைக்கு நடுவில்கூட நாங்கள் விறகுக்குப் போவோம், பிரசவத்துக்குப் போவோம். நான் நினைத்திருந்தால் ஊருக்குப் போயிருக்கலாம். ஆனால் பீரங்கி அந்தக் குன்றில் இருக்கிற வரைக்கும் அவள் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று அண்ணன் சந்தையில் நின்று சொல்லியிருந்தான். அவனாகக் கூப்பிடாமல் நானும் போகமாட்டேன் என்று இங்கே கிணற்றடியில் நின்று நான் சொல்லிவிட்டேன். ஆறு வருஷம் ஓடிப்போயிற்று. இரண்டு பெண்கள் பிறந்தார்கள். தாய்மாமன் முகத்தை அவர்கள் பார்த்ததே இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் வீம்பு ஒரே பானையில் வடித்தது.

அந்த வருஷம் புதிதாக ஒரு கேப்டன் வந்தான். அப்துல்-வாசி என்று பெயர், தாயிஸ் பக்கத்துக்காரன், கெய்ரோவில் படித்தவன். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். என் கையால் கிண்டிய சோளக் களியை வெந்தய நுரையோடு கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவனை எப்படிக் கெட்டவன் என்பது? ஆனால் மேலிடத்து உத்தரவு அவன் சட்டைப் பையில் இருந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் சாலை திறக்காவிட்டால் பைத் மிஸ்ஃபரைத் தரைமட்டமாக்க வேண்டும். அவன் குன்றில் ஏறி, சாலையைப் பார்த்துக்கொண்டிருந்த பீரங்கியின் வாயை ஊர்ப் பக்கம் திருப்பி வைத்தான்.

அந்த ஊரில் அண்ணன் இருக்கிறான், அவன் பிள்ளைகள் இருக்கிறார்கள், என்னோடு கிணற்றில் தண்ணீர் இறைத்த அத்தனை பெண்களும் இருக்கிறார்கள். என் புருஷன் ஏற்றி வைத்த பீரங்கியின் குண்டு அவர்கள்மேல் விழுந்தால் அப்புறம் நான் எந்த முகத்தோடு அங்கே போவது? இங்கேதான் எந்த மனதோடு இவரோடு படுத்து எழுந்திருப்பது? அவரிடம் கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, பேச்சுவார்த்தைக்கு ஒரு தடவை வாய்ப்புத் தரும்படி கேப்டனிடம் கேட்டுவிட்டு வந்திருப்பதாகச் சொன்னார். சாலையைத் திறந்தால் ஊரைச் சுடமாட்டோம் என்று குடியரசு வாக்குக் கொடுக்கும்; அதைப் பேசப் பனூ மிஸ்ஃபர் ஆட்கள் வருகிற வியாழக்கிழமை எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிற களத்துக்கு வருவார்கள்.

பேச்சுவார்த்தை என்றதும் எனக்குப் பயம் இன்னும் கூடிப்போயிற்று. எங்கள் மலையில் இரண்டு கூட்டம் சந்தித்தால் முதலில் பேசுவது ஸாமில்தான். வருகிறவர்கள் வரிசையாகத் தோளோடு தோள் நின்று, இரண்டே வரிப் பாட்டை மெட்டோடு பாடிக்கொண்டு வருவார்கள். குற்றச்சாட்டு, கோரிக்கை, குத்தல் எல்லாம் அந்த இரண்டு வரிக்குள் இருக்கும். எதிரில் நிற்பவர்கள் அதே மெட்டில், அதே முடிப்பில் இரண்டு வரி கட்டிப் பதில் பாட வேண்டும். பதில் வராவிட்டால் வாயில்லாதவர்கள் என்று பெயர். அப்புறம் எவ்வளவு நியாயம் பேசினாலும் எடுபடாது. என் அண்ணனோ பள்ளத்தாக்கிலேயே பெரிய ஸாமில்காரன். என் வீட்டுக்காரருக்கோ தொழுகைக்கு அழைக்கும் குரலுக்கும் கழுதை கத்துவதற்கும் வித்தியாசம் தெரியாது.

அதனால் நானே இறங்கினேன். எங்கள் வீட்டில் பாட்டுக்கட்டுவது அண்ணனுக்கு மட்டும் வந்த சொத்து இல்லை. பெண் கட்டியது என்று வெளியே தெரிந்தால் மட்டும் மானம் போய்விடும். ரகசியமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், காது கேட்காதவருக்கு! ஒரு வரி கற்றுக்கொடுப்பதற்குள் ஊருக்கே மனப்பாடம் ஆகிவிடும். கடைசியில் கீழ்த்தளத்து மாட்டுக்கொட்டிலைத் தேர்ந்தெடுத்தேன். சுவர் கனம் அதிகம். என் நாத்தனார் தகிய்யா, புருஷன் ஏடன் துறைமுகத்தில் வேலை செய்வதால் எங்களோடு இருப்பவள், வாசலில் உட்கார்ந்து வெண்கலச் சட்டியைக் கல்லில் தேய்த்து ஓசை கிளப்பிக்கொண்டிருந்தாள்.

அவர் இடது காதுக்குள் வாயை வைத்து, எப்படிக் கேட்டாலும் பொருந்துகிற மாதிரி ஒரு சமாதானப் பாட்டைக் கத்தினேன். அவர் திரும்பச் சொன்னார். சொல் சரியாக இருந்தது. மெட்டுதான் நொண்டியது.

"இழுக்காதீங்க. பசுவைக் கயிறு கட்டி இழுக்கற மாதிரி இருக்கு" என்றேன்.

"பசுவைப் பத்தின பாட்டுதானே?"

"நூரியா அப்பா, விளையாடாதீங்க. அங்க நிக்கப்போறது எங்க அண்ணன்."

"தெரியும். அவன் நாக்குக்கு என் பீரங்கியே தேவலை" என்றார். அது அடுத்த தெரு வரை கேட்டிருக்கும்.

வெளியே தகிய்யா சட்டி தேய்ப்பதை நிறுத்திவிட்டு, "அண்ணி, மாடு ஏன் இவ்வளவு பேசுதுன்னு பக்கத்து வீட்ல கேக்குறாங்க" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கடைசியில் அவர் வாய்விட்டுப் பாட வேண்டாம், சொல்லை மட்டும் நம் ஆட்களிடம் கொடுத்தால் அவர்கள் மெட்டில் போட்டுப் பாடிக்கொள்வார்கள் என்று முடிவு செய்தோம்.

வியாழக்கிழமை காலை முழுக்க நானும் தகிய்யாவும் களி கிண்டினோம், ரொட்டி சுட்டோம். சண்டைக்காரனாக வந்தாலும் வயிற்றைக் காயப்போட்டு அனுப்புகிற வழக்கம் எங்களிடம் இல்லை. வெயில் ஏறும்போது மேல்மாடி ஜன்னலில் போய் நின்றேன். பள்ளத்தாக்கு மேட்டில் அவர்கள் தலை தெரிந்தது. முன்னால் என் அண்ணன். தாடியில் நரை விழுந்திருந்தது. ஆறு வருஷத்தில் அவன் கிழவனாகத் தொடங்கியிருக்கிறான், நான் பக்கத்தில் இல்லை.

அவர்கள் களத்தின் விளிம்புக்கு வந்து வரிசை கட்டினார்கள். பாதிப் பேர் முதல் வரியை எடுக்க, மறு பாதி இரண்டாம் வரியால் முடித்தார்கள்.

பீரங்கி வாய்க்குப் பல்லில்லை, எங்கள் ஆடும் அதைக் கண்டு மிரளவில்லை;
செவிடன் பேச்சைக் கேட்க வந்தோம், அவன் காதில் எங்கள் குரல் விழவில்லை.

எங்கள் ஆட்களே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் புருஷனை நான் செவிடன் என்பேன், அவன் யார் சொல்ல? முக்பில் முகத்தில் ஒன்றும் இல்லை, பாதி கேட்டிருக்காது. பக்கத்தில் நின்றவர்களிடம் நான் கொடுத்த வரிகளை வழக்கம்போல உரக்கவே சொன்னார். நல்லவேளை, முடிப்பு தானாகவே பொருந்திவிட்டது. எங்கள் ஆட்கள் அதே மெட்டில் பாடினார்கள்.

மேயப் போன பசு வீடு திரும்பும் பாதையை யாரும் அடைப்பதில்லை;
கூடப்பிறந்தவர் வாசல் திறக்கக் குண்டும் மருந்தும் தேவையில்லை.

களத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது, நல்ல முணுமுணுப்புத்தான். அண்ணன் மட்டும் முணுமுணுக்கவில்லை. தலையை நிமிர்த்தி எங்கள் வீட்டின் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தான். நான் சட்டென்று பின்வாங்கினேன். அவனுக்குத் தெரிந்துவிட்டது. சின்ன வயதில் நான் கட்டின பாட்டையெல்லாம் தன் பாட்டு என்று திருடிக்கொண்டு போய்ப் பாடியவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

அதோடு அவன் இளகிவிடுவான் என்று நினைத்தேன். அங்கேதான் நான் ஏமாந்தேன். அவன் தன் ஆட்களைக் கூட்டி ஏதோ சொன்னான். வரிசை மறுபடி நிமிர்ந்தது. இந்தத் தடவை மெட்டு மெதுவாக, கனமாக இருந்தது.

குடியரசு என்கிறாயே, அதற்கு முகமும் தாடியும் எங்கே உண்டு?
நாளை அந்த வாக்கு தவறினால் நாங்கள் யார் முகத்தைக் காண்பதுண்டு?

சரியான இடத்தில் கை வைத்துவிட்டான். எங்களிடம் கையெழுத்தும் முத்திரையும் வாக்கு ஆகாது. ஒரு ஆண் நாலு பேர் முன்னால் "இது என் முகத்தின் மேல்" என்று சொல்ல வேண்டும். அப்புறம் அந்த வாக்கு முறிந்தால், யார் முறித்திருந்தாலும், அவன் சாகிற வரைக்கும் எந்தச் சந்தையிலும் முகம் காட்ட முடியாது. அவன் பெண்களைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள். ஸனாவில் இருக்கிற குடியரசுக்கு எந்த முகம்? இன்றைக்கு ஒரு கேப்டன், நாளைக்கு வேறொருவன். இந்தக் கேள்விக்கு நான் எந்த வரியும் கட்டி வைத்திருக்கவில்லை. ஜன்னலிலிருந்து கத்தவும் முடியாது.

கேப்டன் அப்துல்-வாசி முக்பிலின் தோளருகே வந்து காதில் குசுகுசுத்தான். குடியரசின் பெயரால் மட்டும் உறுதி கொடுங்கள், சொந்தமாக எதுவும் சொல்லிவிடாதீர்கள் என்று அவன் சொன்னது பிற்பாடு தெரிந்தது. பாவம், வலது காதில் சொல்லிவிட்டான்.

முக்பில் வரிசையை விட்டுத் தனியாக முன்னால் நடந்தார். களத்தின் நடுவில் போய் நின்றார். சபை உறுப்பினர் என்று ஸனாவில் கொடுத்த பெரிய கோட்டு அவர் உடம்பில் கடன் வாங்கினதுபோலத் தொங்கியது. ராஸ் குன்றை ஒரு தடவை பார்த்தார், பள்ளத்தாக்கை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் வாயைத் திறந்து, ஒற்றை ஆளாக, முழுத் தொண்டையில் பாடினார்.

அந்தப் பீரங்கிக் குண்டு எங்க விழும்னு எனக்குத் தெரியும், வெச்சவன் நானு;
அது விழற இடத்துல என் வீட்டைக் கட்டுறேன், இது என் முகத்து மேல.

முடிப்பு இல்லை, சந்தம் இல்லை. மெட்டு மட்டும் எனக்கு எங்கேயோ கேட்டது போல இருந்தது. இரண்டாம் வரியில்தான் பிடிபட்டது. ஐயோ, அது திரிகைப் பாட்டு! விடியற்காலையில் சோளம் அரைக்கும்போது திரிகையைச் சுற்றிக்கொண்டே நாங்கள் பெண்கள் முனகுகிற மெட்டு. அதிலும் அது பைத் மிஸ்ஃபர் மெட்டு. நான் தினமும் பாடுவேன். திரிகை அவர் படுக்கைக்கு நேர் கீழே. காதில் விழாவிட்டாலும் தரை வழியாக, கட்டில் கால் வழியாக அவருக்குள் ஏறியிருக்கிறது. அந்த மனிதருக்குத் தெரிந்த ஒரே மெட்டு அதுதான்.

களம் வெடித்தது. துப்பாக்கியால் இல்லை, சிரிப்பால். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவன் திரிகை சுற்றுகிற மாதிரி கையைச் சுற்றிக் காட்டினான். தகிய்யா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பீரங்கி குறிபார்த்து நிற்கிற பைத் மிஸ்ஃபரிலா வீட்டைக் கட்டுகிறேன் என்கிறார் இந்த மனிதர்? யாரைக் கேட்டுச் சொல்கிறார்?

அண்ணனும் சிரிக்கவில்லை. அவன் கையைத் தூக்கியதும் சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. முக்பில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒருவேளை சிரிப்பே அவருக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்னவோ.

இப்போது ஒரு தர்மசங்கடம். கேட்டவன் எந்த மெட்டில் கேட்டானோ அதே மெட்டில் பதில் பாட வேண்டும் என்பது ஸாமில் சட்டம். முக்பில் மெட்டை மாற்றிவிட்டதால் அது புதுப் பேச்சு ஆகிவிட்டது. பனூ மிஸ்ஃபர் ஆண்கள் அத்தனை பேரும், குறுவாளும் தோட்டா வாரும் கட்டிக்கொண்டு வந்தவர்கள், பொம்பளைத் திரிகை மெட்டில் பதில் பாடியாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு செவிடனிடம் வாயடைத்துப் போனார்கள் என்று சந்தை முழுக்கப் பேச்சாகிவிடும். அண்ணன் ஆட்களில் ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு அவனிடம் ஏதோ சொல்வது தெரிந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று சொல்லியிருப்பான். அண்ணன் அவனைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் உதடு அசைந்தது. வரி கட்டுகிறான்!

அவன் முதலில் தனியாகத்தான் எடுத்தான். அப்புறம் பக்கத்தில் நின்றவன் சேர்ந்துகொண்டான், அப்புறம் அடுத்தவன். கசப்பு மருந்து குடித்த முகத்தோடு அத்தனை பேரும் பாடினார்கள். ஆனால் நன்றாகப் பாடினார்கள். எல்லாரும் அந்த மெட்டைக் கேட்டுக்கொண்டே தொட்டிலில் தூங்கினவர்கள்தானே.

வீடு கட்டக் கல் நாங்கள் தருவோம், வாசல் அந்தக் குன்றைப் பார்க்கட்டும்;
முகத்தை வைத்தவன் முகம் வாடாமல் எங்கள் முகம் அதைக் காக்கட்டும்.

பாடி முடித்ததும், பேச்சு முடிந்தது, சம்மதம் என்று வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். எங்கள் ஆட்களும் சுட்டார்கள். கேப்டன் மட்டும் சுடாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

சாப்பாட்டுக்கு எல்லாரும் எங்கள் வீட்டுக்குள் வந்தார்கள். அண்ணன் மற்றவர்களோடு மேலே போகாமல் மாடிப்படித் திருப்பத்தில் நின்றான். நான் களிச் சட்டியோடு வந்தேன்.

"பீரங்கி இன்னும் அங்கதான் இருக்கு. நீ வாசலை மிதிச்சிட்டே" என்றேன். ஆறு வருஷம் கழித்து அண்ணனிடம் பேசின முதல் பேச்சு அது. எனக்கே வெட்கமாக இருந்தது.

"பசியில வந்துட்டேன்" என்றான். பிறகு, "அந்தப் பசு பாட்டு உன்னோடதுதானே? உன் புருஷன் மண்டையில அது வராது."

"அவர் மண்டையில வந்ததைத்தான் கடைசியாக் கேட்டியே அண்ணா."

அவன் என் தலையில் கை வைத்தான். "தினமும் பாடுறியா அதை?" என்று மட்டும் கேட்டான். நான் சட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போய் மாவுப் பானைக்குப் பின்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன்.

அவர்கள் போனதும் கேப்டன் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டான். இந்தத் தடவை இடது காதுப் பக்கம். எதிரி ஊரில் சபை உறுப்பினர் குடியிருப்பதா, மேலிடத்துக்கு நான் என்ன சொல்வது, ஊரைத் தகர்க்கச் சொல்லி உத்தரவு வந்தால் நான் என்ன செய்வது என்று கத்தினான். முக்பில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சபை உறுப்பினர் அங்கே குடியிருக்கிறார், அதனால் சுட முடியாது என்று சொல்லிவிடு என்றார். கேப்டன் தொப்பியைக் கீழே வைத்துவிட்டு, களி மிச்சம் இருக்கிறதா என்று கேட்டான். அந்த வாரமே சாலை திறந்தது. முதல் லாரி மாவு மூட்டையோடு போனதை எங்கள் பெண்கள் கூரையில் நின்று பார்த்தார்கள்.

ஆனால் என் கணக்கு இன்னும் தீரவில்லை. பேச்சுவார்த்தைக்கு மறுநாள் காலை அவர் காப்பித் தோலில் காய்ச்சின கிஷ்ர் குடித்துக்கொண்டிருந்தபோது இடது காதுப் பக்கம் போய் உட்கார்ந்தேன்.

"வீட்டைக் கட்டுறேன்னு பாடினீங்களே, அந்த வீட்ல யாரு இருக்கப்போறா?"

"நான் இருக்கேன். நீயும் பிள்ளைங்களும் இங்கயே இருங்க. அங்க வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "ஏன்னா எனக்குப் பீரங்கியத் தெரியும், குஸூன்" என்றார். அவர் வாழ்க்கையிலேயே மெதுவாகச் சொன்ன பேச்சு அது ஒன்றுதான். அப்போதுதான் அவருக்கும் பயம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

நான் அன்றைக்கு முழுக்க யோசித்தேன். அவர் சொன்னது நியாயம்தான். என் பெண்கள் சின்னவர்கள். கேப்டன் மாறினால், மேலிடம் மாறினால், ஒரே உத்தரவில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் ஆண்பிள்ளை ஒருத்தன் தனியாகப் போய்ப் படுத்து எழுந்தால் அதற்குப் பெயர் வீடா? அது கூடாரம். பெண்டாட்டி பிள்ளைகளைப் பத்திரமாக அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்திருக்கிறான், அவனுக்கே நம்பிக்கையில்லை என்று முதலில் சொல்லப்போவது பனூ மிஸ்ஃபர் பெண்கள்தான். எனக்கு அவர்களைத் தெரியும், நானும் அவர்களில் ஒருத்திதானே. இதையெல்லாம் யோசித்து முடித்தபோது, எனக்குப் போக வேண்டும் என்பதும் புரிந்தது. நியாயத்துக்காக மட்டும் இல்லை, ஆசையாக இருந்தது. சாயங்காலம் தகிய்யாவைக் கூப்பிட்டுத் திரிகையைக் கழற்றிக் கழுதைமேல் ஏற்றச் சொன்னேன். அவர் வந்து பார்த்தார். தன் கையால் கயிற்றை இன்னொரு சுற்று இறுக்கிக் கட்டினார்.

பைத் மிஸ்ஃபரில் பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து, திட்டி, மறுபடி கட்டிப்பிடித்து ஒரு வழி பண்ணினார்கள். என் பெரிய பெண் நூரியா அரை மணியில் மாமன் தோளில் ஏறிவிட்டாள். ஊரின் மேல் விளிம்பில் ஒரு பழைய சோள வயலை எங்களுக்குக் கொடுத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் ராஸ் குன்று நேர் எதிரில் தெரியும். உச்சியில் விரல் நகம் அளவுக்குக் கறுப்பாகப் பீரங்கி. அண்ணனும் நாலைந்து பேரும் கல் உடைத்துக் குவித்திருந்தார்கள். அடுப்படியைப் பின்பக்கம், பாறைக்கு மறைவாகக் கட்டலாம், பெண்கள் அங்கேதானே நாள் முழுக்க இருப்பார்கள் என்று அண்ணன் சொன்னான். அவன் நல்ல மனதோடுதான் சொன்னான்.

முக்பில் அதைக் காதில் வாங்கவில்லை. கட்டைவிரலை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குன்றைப் பார்த்தபடி வயலில் பின்னோக்கி நடந்தார். நின்றார். இரண்டு அடி இடப்பக்கம் நகர்ந்தார். செருப்பால் மண்ணைக் கீறி ஒரு குறி போட்டார்.

"சுட்டா இங்கதான் விழும்" என்றார். அந்த ஊரில் எல்லாருக்கும் கேட்டது.

வேலை நின்றது. அண்ணன் முகம் வெளுத்துப்போயிற்று. கல் சுமந்துகொண்டிருந்த ஒருவன் தன்னையறியாமல் அந்த இடத்தைவிட்டு நகர்ந்து நின்றான். முக்பில் அண்ணனிடம் போய், வாசற்சுவரை இங்கே வைக்கலாம், தான் பகலில் இங்கே உட்கார்ந்துகொள்வதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் இடுப்பிலிருந்த சின்னவளை, எங்களோடு கூடவே வந்திருந்த தகிய்யாவிடம் கொடுத்தேன். நடந்துபோய் அவர் போட்ட குறியின்மேல் நின்றேன். குன்று நன்றாகத் தெரிந்தது. அங்கே மேலே இருக்கிற கேப்டன் தூரக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தால் என் முகமும் அவனுக்கு நன்றாகத் தெரியும். என் களியைச் சாப்பிட்டவன் அவன். பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஆறு வருஷத்துக்கு அப்புறம் நான் என் ஊர் மண்ணில் நிற்கிறேன், என் புருஷனும் அண்ணனும் ஒரே கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். இதைவிட்டு எங்கே போய் ஒளிந்துகொள்வது?

"முகத்தை நீங்க வெச்சிட்டீங்க. அடுப்பை நான் இங்கதான் வைப்பேன்" என்றேன்.

கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னேன். அவருக்குக் கேட்டிருக்க வழியில்லை. ஆனால் அண்ணனுக்குக் கேட்டது. அவன் என்னைப் பார்த்தான், குன்றைப் பார்த்தான். அப்புறம் குனிந்து குவியலில் இருந்ததிலேயே பெரிய கல்லாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தான்.